கூலிக்காரனுக்குப் படம் எதற்கு?

கேள்வி: இங்கிலாந்தில் சுரங்கத் தொழிலாளர்கள் படம் கீறப் பழகிய கதையை நாடகமாகப் போட்டார்களாம். மேடைக்கு நல்லாய்த்தான் இருக்கும். நாள் முழுக்க மாய்கிற கூலிக்காரனுக்கு அதற்கு நேரமும் ரசனையும் எங்கே? இதெல்லாம் நடக்கிற காரியமா?
– வாசகர், கொக்குவில்

பதில்: நடந்ததைத்தான் நாடகமாக்கினார்கள். லீ ஹோல் எழுதி, 2007இல் நியூகாசிலில் முதலில் மேடையேறிய ‘பிற்மென் பெயின்ரர்ஸ்’ அது. கதை 1934இல் அஷிங்டன் என்ற நிலக்கரி ஊரின் மாலை வகுப்பில் தொடங்குகிறது. நாடகத்தில் அவர்கள் படிக்க விரும்பியது பொருளியல். வாத்தியார் கிடைக்கவில்லை, கலை ரசனை வகுப்புத்தான் வாய்த்தது. றொபேட் லயன் என்ற விரிவுரையாளர் இத்தாலிய ஓவியங்களைத் திரையில் காட்ட, இவர்கள் “சரி, இதற்கு என்ன கருத்து?” என்று குடைகிறார்கள். விளக்கிக் களைத்த மனிதர், நீங்களே கீறிப் பாருங்கள் என்று விட்டுவிடுகிறார்.

அப்புறம் வாராவாரம் ஒரு தலைப்பு. வீட்டில் கீறி வந்து வைப்பார்கள், மற்றவர்கள் குறை பிடிப்பார்கள். சுரங்கத்துக்குள் ஒடுங்கிக் கிடந்து கரி வெட்டுகிறவனின் முதுகு எப்படி வளையும் என்று அவர்களுக்கு எந்தக் கலைக்கல்லூரி சொல்லித்தர வேண்டும்?

நேரம் எங்கே என்றீர்களே, அதற்கு வருகிறேன். அந்த வகுப்பில் இருந்த ஒலிவர் கில்போர்ன் 13 வயதில் சுரங்கத்தில் இறங்கியவர். நாடகத்தில் ஒரு பணக்காரச் சீமாட்டி அவரிடம், வேலையை விட்டுவிடு, கிழமைக்குக் கிழமை காசு தருகிறேன், படம் மட்டும் கீறு என்கிறாள். அவர் மறுத்துவிடுகிறார். என்னைக் கேட்டால் நாடகத்தின் உயிரே அந்த இடம்தான்.

ரசனை எங்கே என்கிறீர்கள். குருநகரிலும் பாசையூரிலும் விடியவிடியக் கூத்தாடியவர்கள் கடலுக்குப் போய்வந்தவர்கள்தானே? கோயில் கோபுரத்துக்கு வர்ணம் தீட்டுகிறவர் சாரத்தில் நின்று ஒரு சிலைக்குக் கண் எழுதுவதை நீங்கள் கீழே நின்று பார்த்ததில்லையா? அவரும் நாட்கூலிக்காரர்தான். அவரிடம் நேரமிருக்கிறதா என்று நாம் கேட்பதில்லை. வேலை முடியவில்லையே என்றுதான் கேட்கிறோம்.

இந்த நாடகத்தை இங்கே யாராவது போடப்போனால் ஒரு வேண்டுகோள். வகுப்புக் காட்சியில் நடிகர்களின் முகத்தில் கரி பூசாதீர்கள். அந்த மனிதர்கள் குளித்து, கோட்டும் கழுத்துப்பட்டியும் கட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தவர்கள்.