மெல்பர்னுக்குப் பதினொரு மணி நேரமா, இருபத்தாறா?

கேள்வி: மகளின் பிரசவத்துக்கு நானும் கணவரும் மெல்பர்ன் போகிறோம். கோவை–மெல்பர்ன் தூரம் சுமார் 8,900 கி.மீ., பறக்க 11 மணி நேரம் என்று ஓர் இணையதளம் காட்டுகிறது. டிராவல்ஸில் கேட்டால் சிங்கப்பூர் வழி 16 மணி, வளைகுடா வழி 26 மணி என்கிறார்கள். இரண்டாவது விலை குறைவு. எதை எடுக்கலாம்?
– வாசகி, குன்னூர்

பதில்: இணையதளம் பொய் சொல்லவில்லை. இரண்டு ஊருக்கும் நடுவே பூமியின் மேல் உள்ள மிகக் குறுகிய வழியை அளந்து, மணிக்கு 800, 850 கி.மீ. வேகத்தால் வகுத்துச் சொல்கிறது. அந்த வழியில் கோவையிலிருந்து நேரடி விமானமே கிடையாது என்பதெல்லாம் அதன் கணக்கில் வராது.

சிங்கப்பூர் வழி போனால் மொத்தம் 9,200 கி.மீ. சொச்சம்தான். நேர்வழியை விட முந்நூறு கி.மீ. கூடுதல், அவ்வளவே. வளைகுடா வழி என்றால் முதலில் மேற்கே போய், அப்புறம் கிழக்கே திரும்பி, 14,000 கி.மீ.யைத் தாண்டுவீர்கள். அதில் ஒரே மூச்சில் பதினான்கு மணி நேரம் போல உட்கார வேண்டியிருக்கும். முட்டிவலிக்காரர்களுக்கு மிச்சமாகும் பணம் மாத்திரைக்கே போய்விடும்! என் ஓட்டு சிங்கப்பூருக்கு.

டிக்கெட்டில் இருக்கும் நேரம் எல்லாமே அந்தந்த ஊர் நேரம். இரவு 11 மணிக்குக் கோவையில் ஏறி, காலை 5.50-க்கு சிங்கப்பூர் சேர்வதாகப் போட்டிருந்தால் ஏழு மணிப் பயணம் போலத் தெரியும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் இருப்பதால், உண்மையில் பறப்பது 4 மணி 20 நிமிடம். மெல்பர்ன் நாலரை மணி முன்னால். அக்டோபர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை ஐந்தரை.

விலையைவிட முக்கியமாக ஒன்றைக் கேளுங்கள்: இரண்டு விமானமும் ஒரே பிஎன்ஆரா, அதாவது ஒரே முன்பதிவு எண்ணா? தனித்தனி டிக்கெட்டை ஒட்டிக் கொடுத்திருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததை விட்டால் புது டிக்கெட் உங்கள் செலவு. பெட்டியையும் சிங்கப்பூரில் நீங்களே வெளியே போய் எடுத்து மறுபடி போட வேண்டி வரலாம். அதற்கு விசா தேவைப்படலாம். பெட்டி மெல்பர்ன் வரை நேராகப் போகுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், இந்த 16 மணியில் நம் மலைப்பாதை சேரவில்லை. பர்லியார் வழி மேட்டுப்பாளையம் இறங்கி பீளமேடு விமான நிலையம் போக எண்பது கி.மீ.க்குள்தான். ஆனால் மே மாத சீசனில் ஒருவழிப்பாதை ஆக்கி, இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி பக்கம் திருப்பிவிடுவார்கள். மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதோடு சரி. விமானத்துக்கு மூன்று மணி முன்னால் அங்கே இருக்க வேண்டும்; மழை மாதமென்றால் மதியமே இறங்கிவிடுங்கள். திரும்பும்போது கோவை டாக்சி பிடிப்பதானால் நீலகிரிக்குள் வர இ-பாஸ் எடுத்தாயிற்றா என்று டிரைவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நீலகிரிப் பதிவு வண்டி என்றால் அது தேவையில்லை.