பியெஸ்: துண்டா, உருப்படியா?

வணக்கம் ஐயா,
பிரெஞ்சுச் சிறுகதை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். ‘பியெஸ்’ என்ற சொல் மூன்று இடத்தில் படுத்துகிறது. நாயகன் ‘த்ருவா-பியெஸ்’ ஒன்றில் குடியிருக்கிறான். மூட்டை தூக்கியவருக்கு ‘லா பியெஸ்’ கொடுக்கிறான். மாமியார் வீட்டில் அவனை ‘பியெஸ் ரப்போர்த்தே’ என்கிறார்கள். ‘துண்டு’ எதற்கும் பொருந்தவில்லை.
ச.

அன்புள்ள ச.,

துண்டை விடுங்கள். பிய்த்ததும் வெட்டியதும் பிரெஞ்சில் ‘மொர்ஸோ’. பியெஸ் பெரும்பாலும் தன்னளவில் முழுசான உருப்படி. நாணயம், மேடை நாடகம், வண்டியின் உதிரி பாகம், வழக்கில் தாக்கலாகும் ஆவணம், வீட்டின் அறை எல்லாம் அதனால்தான் ஒரே சொல்லில் அடங்குகின்றன. (‘மெத்ர் ஆன் பியெஸ்’, சுக்குநூறாக்குவது, விதிவிலக்கு.)

த்ருவா-பியெஸ் மூன்று அறை வீடு. ஆனால் பிரான்சில் சமையலறை, குளியலறை, கழிப்பறை கணக்கில் வராது. ஆகவே ஒரு கூடம், இரண்டு படுக்கையறை: நம்முடைய ‘டூ பெட்ரூம்’. மூன்று படுக்கையறை என்று எழுதினால் நாயகன் ஒரு படி பணக்காரனாகிவிடுவான். கதை ஜெனீவாவில் நடந்தால் இன்னும் ஒரு படுக்கையறையைக் குறைத்துவிடுங்கள். அங்கே சமையலறையும் ஒரு பியெஸ். அதே சொல் உடையைக் குறித்தால் கோட்டு, வெயிஸ்ட்கோட்டு, கால்சட்டை சேர்ந்த சூட்டு. முன்னால் உள்ள வினை ‘குடியிருக்கிறான்’ என்பதா, ‘உடுத்தியிருக்கிறான்’ என்பதா என்று பார்த்தால் போதும்.

இரண்டாவதில் ‘லா’வைக் கவனியுங்கள். ‘லா பியெஸ்’ கொடுப்பது டிப்ஸ் கொடுப்பது. ‘யூன் பியெஸ்’ என்றிருந்தால் வெறும் ஒரு நாணயம்.

மூன்றாவதுதான் சுவையானது. பியெஸ் ரப்போர்த்தே என்பது தனியே செய்து பொருத்திய பாகம், துணியில் தைத்த ஒட்டு. கல்யாணத்தால் குடும்பத்துக்குள் வந்த மருமகனையும் மருமகளையும் கேலியாக அப்படிச் சொல்வார்கள். ‘மாப்பிள்ளை’ என்று போட்டால் கேலி செத்துவிடும். ‘வந்து ஒட்டினது’ என்று எழுதலாம். சொல்பவர் மாமியார் என்றால் குத்தல். அவனே தன்னைச் சொல்லிக்கொண்டால் நகைச்சுவை.

கதையில் ஒயின் வருகிறதா? பர்கண்டியில் ஒரு பியெஸ் என்பது 228 லிட்டர் பீப்பாய், சுமார் 300 புட்டி. ‘ஒரு கோப்பை’ என்று போட்டுவிடாதீர்கள். ‘பியெஸ் தோ’ வந்தால் அது தோட்டத்தில் அழகுக்காக வெட்டிய குளம்.

யாராவது ‘ஓ நெ பா ஓ பியெஸ்’ என்றால் அறையையும் நாணயத்தையும் தேடாதீர்கள். ‘நாம் என்ன பீஸ் ரேட்டுக்கா வேலை செய்கிறோம்?’ என்பது நேர்ப்பொருள். ‘என்ன அவசரம், மெதுவாகச் செய்யலாம்’ என்று எழுதுங்கள்.