நுரையீரல் பிரிவில் 4 வாரம்: எங்கே நிற்கலாம், எங்கே உட்காரலாம்

தம்பி,

உங்கள் கடிதத்தில் இருப்பது ஒரே கேள்வி. இறுதியாண்டில் கிடைக்கும் 4 வார விருப்பப் பயிற்சியை நுரையீரல் பிரிவில் எடுக்கலாமா, நுரையீரல் மருத்துவராகப் போவதாக நான் இன்னும் முடிவு செய்யவில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். அதன் அடியில் அப்பா தன் பங்குக்கு இரண்டைச் சேர்த்திருக்கிறார்: இதயப் பிரிவை விட்டுவிட்டு இதற்குப் போவானேன், அங்கே தொற்று அபாயம் அதிகம் இல்லையா. அவருக்கும் பதில் கீழே இருக்கிறது.

எடுங்கள். நுரையீரல்தான் என்று முடிவு செய்துவிட்டவர்களைவிட, முடிவு செய்யாதவர்களுக்கே இந்தப் பயிற்சியால் லாபம் அதிகம். முடிவு செய்தவர்களுக்கு மேற்படிப்பில் ஆண்டுக்கணக்கில் நேரம் இருக்கிறது, எல்லாவற்றையும் அப்போது கற்றுக்கொள்வார்கள். நீங்கள் நாளைக்கு எலும்பு மருத்துவராகவோ மகப்பேறு மருத்துவராகவோ ஆனாலும், இரவுப் பணியில் செவிலியர் உங்களை எழுப்பி "டாக்டர், பேஷன்ட்டுக்கு மூச்சு வாங்குது" என்று சொல்லத்தான் போகிறார். அந்த நேரத்தில் எதை முதலில் பார்ப்பது, எதை முதலில் செய்வது என்று கை தானாகப் போக வேண்டும். அதைப் பழக 4 வாரம் போதும், உருப்படியாகச் செலவழித்தால்.

பலரும் கோட்டை விடுவது அங்கேதான். போன உடனே, மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோபி அறைக்கு ஓடுகிறார்கள். கவர்ச்சியான இடம், ஒப்புக்கொள்கிறேன். 1897-இல் குஸ்டாவ் கில்லியன் என்ற ஜெர்மானிய மருத்துவர், ஒரு நோயாளியின் மூச்சுக்குழாயில் சிக்கிய எலும்புத் துண்டை விறைப்பான குழாய் வழியே எடுத்தார். 1960களில் ஜப்பானின் ஷிகெட்டோ இகேடா வளையும் கருவியைக் கொண்டுவந்தார். இன்று அதே குழாயின் நுனியில் அல்ட்ராசவுண்டு வைத்து நெறிகட்டிகளிலிருந்து திசு எடுக்கிறார்கள். ஆனால் அந்த அறையில் மாணவரின் வேலை என்ன? நான்காவது ஆளாகப் பின்னால் நின்று திரையைப் பார்ப்பது. உங்கள் கையில் யாரும் கருவியைத் தரப்போவதில்லை, தரவும் கூடாது. ஒன்றிரண்டு காலைகள் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அதற்குப் பதிலாக, யாரும் எட்டிப் பார்க்காத ஓர் அறை இருக்கும்: ஊதும் மூச்சை அளக்கும் ஸ்பைரோமெட்ரி அறை. அங்கே போய் உட்காருங்கள். நோயாளி மூக்கில் கிளிப் மாட்டிக்கொண்டு, முழு மூச்சை இழுத்து, குழாயை உதட்டால் கவ்வி, ஒரே வீச்சில் வெளியே தள்ள வேண்டும். டெக்னீஷியன் பக்கத்தில் நின்று "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும்" என்று தொண்டை கிழியக் கத்துவார். முதல் நொடியிலேயே நோயாளி இருமிவிட்டால் திரையில் வரும் வளைவு பற்கள் மாதிரி வெட்டுப்பட்டு நிற்கும். உதட்டோரம் காற்று கசிந்தால் அளவு குறையும். தயங்கித் தயங்கி ஊதினால் உச்சி மழுங்கிப்போகும். நல்லதாக மூன்று ஊதல்கள் கிடைத்த பிறகுதான் அறிக்கை. கையில் வரும் எண்ணை நம்பலாமா என்று அறிக்கையைப் பார்த்தே சொல்லும் பழக்கம் அந்த அறையில்தான் வரும். டெக்னீஷியனிடம் கேட்டு நீங்களும் ஒருமுறை ஊதிப் பாருங்கள். மூச்சு நோய் உள்ளவரை மூன்று முறை ஊதச் சொல்வது எவ்வளவு பெரிய வேலை என்பது அப்போது தெரியும்.

முதல் நொடியில் வெளியேறும் காற்றை, வெளியேறிய மொத்தக் காற்றால் வகுப்பார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் அந்த விகிதம் 0.7-க்குக் கீழே இருந்தால்தான் சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய்களை அடைக்கும் நாட்பட்ட நுரையீரல் நோய்) என்று உறுதிசெய்ய முடியும். புகைபிடிப்பவர், இருமுகிறார், மூச்சு வாங்குகிறது என்பதை மட்டும் வைத்து அந்தப் பெயரை ஒட்டிவிட்டால், இதயச் செயலிழப்போடு வருபவருக்கு வருடக்கணக்கில் இன்ஹேலர் கொடுத்துக்கொண்டிருக்க நேரும். விகிதம் சரியாக இருந்து மொத்தக் காற்று மட்டும் குறைந்திருந்தால் நுரையீரல் சுருங்கியிருக்கலாம். 'கலாம்'தான். உறுதிசெய்ய நுரையீரலின் முழுக் கொள்ளளவை அளக்க வேண்டும், அது ஸ்பைரோமெட்ரியில் தெரியாது. தேர்வில் இதை எழுதிவிடுவீர்கள். அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறாமல் சொல்ல முடிகிறதா என்பதுதான் விஷயம்.

வார்டில் முதல் வாரம் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினால் எல்லா நோயாளிகளும் நிமிடத்துக்கு 18 அல்லது 20 தடவை மூச்சு விடுவதாக எழுதியிருக்கும். யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். நீங்கள் எண்ணுங்கள். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மார்பில் வைத்து, முழு நிமிடம். எண்ணுவது தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். நிமோனியா எவ்வளவு தீவிரம் என்று கணிக்கும் கர்ப்-65 அளவையில் மூச்சு எண்ணிக்கை நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் என்றால் ஒரு புள்ளி. இவரை வீட்டுக்கு அனுப்பலாமா, படுக்கை கொடுக்கலாமா என்ற முடிவே அந்த ஒரு புள்ளியில் மாறலாம்.

ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் வைக்கும் முன்பு விரல்களைப் பாருங்கள். சி.ஓ.பி.டி. என்று சொல்லப்பட்ட ஒருவரின் நகங்கள் உருண்டு, விரல்நுனி முரசுக்கோல் போல வீங்கியிருந்தால் நின்று யோசிக்க வேண்டும். சி.ஓ.பி.டி. மட்டும் அதைச் செய்யாது. புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா, மூச்சுக்குழாய்கள் விரிந்து சீழ் பிடித்திருக்கின்றனவா, நுரையீரல் தழும்பேறியிருக்கிறதா என்று தேட வேண்டும்.

அப்புறம் கேள்வி கேட்கும் விதம். "என்ன வேலை செய்யறீங்க?" என்று கேட்டால் "ரிட்டயர் ஆயிட்டேன்" என்று பதில் வரும், கதை அங்கேயே முடிந்துவிடும். "முதல் வேலையிலிருந்து வரிசையாகச் சொல்லுங்க" என்று கேளுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் தூசு பட்டவருக்கு நுரையீரல் உறைப் புற்றுநோய் வர 20 முதல் 40 ஆண்டுகள்கூட ஆகலாம். கல் உடைத்தவருக்கு சிலிக்கா தூசு. புறா வளர்ப்பவருக்கு அதன் எச்சத்தாலும் இறகாலும் வரும் ஒவ்வாமை நுரையீரலையே தழும்பாக்கிவிடும். இந்த நோயாளிகளின் சி.டி. ஸ்கேனை எத்தனை பேர் கூடிப் பார்த்தாலும், வீட்டில் புறா இருக்கிறதா என்று ஒருவர் கேட்கும் வரை விடை கிடைக்காமல் போகலாம். அந்த ஒருவர் மாணவராக இருப்பது அபூர்வம் இல்லை. நேரம் உங்களிடம்தானே இருக்கிறது.

எக்ஸ்ரே விஷயத்தில் ஒரே ஒழுங்குதான்: கதிரியல் அறிக்கையைப் படிக்கும் முன்பு உங்கள் கணிப்பை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். எழுதாமல் "நானும் அதைத்தான் நினைத்தேன்" என்று சொல்லிக்கொள்வதில் பிரயோசனமில்லை. தவறவிடும் இடங்கள் எப்போதும் அதே நான்கு: காறை எலும்புக்குப் பின்னால் இருக்கும் நுரையீரல் உச்சி, இதயத்தின் பின்புறம், நுரையீரல் வேர், உதரவிதானத்துக்குக் கீழே மறையும் பகுதி. நின்று எடுத்த படத்தில் கீழ் மூலை மழுங்க நுரையீரலைச் சுற்றி ஏறக்குறைய 200 மி.லி. நீராவது சேர வேண்டும். அதைவிடக் குறைவான நீரையும் அல்ட்ராசவுண்டு காட்டிவிடும். அந்தப் பிரிவில் படுக்கையருகே அல்ட்ராசவுண்டு இருந்தால் விடாமல் பழகுங்கள்.

அந்த நீரை ஊசியால் எடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். மேற்பார்வையோடு செய்யச் சொன்னால் செய்யுங்கள். ஊசி விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டித்தான் போக வேண்டும், ஏனென்றால் கீழ் விளிம்பில் நரம்பும் ரத்தக் குழாய்களும் ஓடுகின்றன. எடுத்த நீரை ஆய்வகத்துக்கு அனுப்பும்போதே ரத்தமும் அனுப்பப்பட்டதா என்று பாருங்கள். நீர் எந்த வகை என்று பிரிக்க, 1972-இல் ரிச்சர்ட் லைட் வகுத்த அளவுகோல்படி நீரில் உள்ள புரதம் ரத்தப் புரதத்தில் பாதிக்கு மேல் இருக்கிறதா, எல்.டி.எச். என்ற நொதி ரத்தத்தில் உள்ளதில் 0.6 மடங்குக்கு மேலா என்று ஒப்பிட வேண்டும். ரத்தம் அனுப்ப மறந்தால் ஒப்பிட எதுவும் இருக்காது. இப்படி மறப்பது சாதாரணமாக நடக்கிறது.

ஆக்சிஜனும் ஒரு மருந்துதான், அதற்கும் அளவு உண்டு. மூச்சுத் திணறலா, வால்வை முழுக்கத் திற என்ற பழக்கம் கைக்குள் ஊறிப்போயிருக்கும். சி.ஓ.பி.டி. முற்றிய, கார்பன் டை ஆக்சைடு தேங்க வாய்ப்புள்ள நோயாளிக்கு ரத்த ஆக்சிஜன் செறிவின் இலக்கு 88 முதல் 92 சதவீதம். டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸில் வந்த நோயாளிகளிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், தாராளமாக ஆக்சிஜன் கொடுக்கப்பட்டவர்களைவிட இந்த இலக்கில் நிறுத்தி வைக்கப்பட்டவர்களில் இறப்பு பாதிக்கும் கீழே இருந்தது. மருந்தும் கருவியும் எதுவும் புதிதில்லை, வால்வைத் திருப்பிய அளவில்தான் வித்தியாசம். உங்கள் வார்டில் யாருக்கு எவ்வளவு என்ற இலக்கு எழுதப்பட்டிருக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

ஏ.பி.ஜி. (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) எண்களையும் நோயாளியைப் பார்த்துக்கொண்டே படிக்கப் பழகுங்கள். கடும் ஆஸ்துமாவோடு வேகவேகமாக மூச்சு விடுபவரின் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்திருக்க வேண்டும். அது 40 என்று வந்தால் காகிதத்தில் நார்மல். படுக்கையில் அவர் சோர்ந்துபோகிறார் என்று பொருள். சற்று முன்பு மார்பில் கேட்ட விசில் சத்தம் இப்போது கேட்கவில்லை என்றால் தேறிவிட்டார் என்று மகிழ்ந்துவிடாதீர்கள், காற்றே போகவில்லையோ என்று பாருங்கள். இந்த இரண்டையும் ஒருமுறை நேரில் பார்த்தவர் பிறகு மறப்பதில்லை. உடனே மூத்தவரைக் கூப்பிட வேண்டிய நேரமும் அதுதான்.

இன்ஹேலர். புறநோயாளிப் பிரிவில் யாருக்கும் நேரமில்லாததால் இந்த வேலையை உங்களிடமே விட்டுவிடுவார்கள், மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்ளுங்கள். "சரியாத்தான் போடறேன்" என்பவரிடம் "எனக்கு ஒருதடவை போட்டுக் காட்டுங்க" என்று சொல்லுங்கள். அழுத்தும் இன்ஹேலர் என்றால் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, அழுத்தும்போதே மெதுவாக ஆழமாக இழுத்து, 10 நொடி அடக்க வேண்டும். பொடி இன்ஹேலருக்கு நேர்மாறாக, வேகமாகப் பலம் கொண்டு இழுக்க வேண்டும். ஒருவர் கையில் இரண்டு வகையும் இருந்தால் குழப்பத்துக்குக் கேட்க வேண்டாம். மூடியைக் கழற்றாமலே அழுத்துபவர்களையும் பார்ப்பீர்கள். ஸ்டீராய்டு உள்ளது என்றால் வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்ல மறக்காதீர்கள். நோயாளிக்கு உங்களால் நேரடியாக நன்மை நடக்கும் இடம், என்னைக் கேட்டால், முதலில் இதுதான்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இரண்டு மூன்று நாள் போனால் போதும். வென்டிலேட்டர் திரையில் எல்லாவற்றையும் புரிந்துகொள்ள முயல வேண்டாம். 2000-ஆம் ஆண்டு வெளியான ஆய்வுக்குப் பிறகு, கடுமையாகப் பாதித்த நுரையீரலுக்கு ஒவ்வொரு மூச்சிலும் ஒரு கிலோவுக்கு 6 மி.லி. காற்று என்பது வழக்கமானது. அந்தக் கிலோ உடல் எடை அல்ல, உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடை. அதைப் புரிந்துகொண்டு வந்தால் சரி.

இப்போது அப்பாவுக்கு.

ஐயா, காசநோய்ப் பயம் நியாயமானது. ஸ்டெதாஸ்கோப்பை 1816-இல் உருவாக்கிய லென்னெக்கே காசநோயில்தான் இறந்தார், அது 1826-இல். ஆனால் நோய் கண்டறியப்பட்டு, சரியான மருந்து எடுத்துக்கொண்டிருப்பவரிடமிருந்து பரவுவது வேகமாகக் குறைந்துவிடும். கவலைப்பட வேண்டியது இன்னும் யாரும் கண்டுபிடிக்காமல் இருமிக்கொண்டிருப்பவரைப் பற்றி. அவர் பொதுமருத்துவ வார்டிலும் இருப்பார், இதயப் பிரிவின் வரிசையிலும் இருப்பார். நுரையீரல் பிரிவில் குறைந்தபட்சம் சந்தேகப்படப் பழகியவர்கள் இருக்கிறார்கள். தம்பி செய்ய வேண்டியது: என்-95 முகத்தோடு ஒட்டி நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் ஊதிச் சரிபார்ப்பது (தாடி இருந்தால் ஒட்டாது), சளி வரவழைக்கும்போது தேவையில்லாமல் பக்கத்தில் நிற்காதது, சேரும் முன்பு அங்கே கேட்கும் பரிசோதனைகளைச் செய்துகொள்வது. நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எதையாவது எடுத்துக்கொண்டிருந்தால் முன்கூட்டியே துறையில் சொல்லிவிட வேண்டும்.

இதயமா நுரையீரலா என்றால், மூச்சு வாங்கி வருபவரிடம் எது காரணம் என்று பிரித்துப் பார்ப்பதே இந்தப் பிரிவின் அன்றாட வேலை. இதயத்தை விட்டுவிட்டுப் போவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எதிர்காலமும் குறுகியதல்ல: தீவிர சிகிச்சை, தூக்க மருத்துவம், மூச்சுக்குழாய் உள்நோக்கிச் சிகிச்சைகள், நுரையீரல் புற்றுநோய், மாற்று அறுவைக்குப் பிந்தைய கவனிப்பு என்று கிளைகள் உண்டு. வழிதான் நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் அடிப்படைப் பட்டத்துக்குப் பின் நேரடியாக 3 ஆண்டு மேற்படிப்பு, சில இடங்களில் முதலில் பொதுமருத்துவம் முடித்து அதன்மேல் சிறப்புப் பயிற்சி. எங்கே வேலை செய்ய விருப்பம் என்பதை இப்போதே ஓரளவு பேசி வைப்பது நல்லது.

தம்பி, துறை பிடிக்குமா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். குணமாகாத நோயாளிகளோடு உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். நுரையீரல் தழும்பு நோய்க்கு இப்போது இருக்கும் மாத்திரைகள் வேகத்தைக் குறைக்கும், பழைய நிலைக்குத் திருப்பாது. அதே ஆட்கள் வருடக்கணக்கில் வருவார்கள். அது சலிப்பாக இருந்தால் அவமானமில்லை, வேறு துறை பார்க்கலாம்.

பதிவு செய்யும் முன்பு, நீங்கள் யோசித்து வைத்திருக்கும் மருத்துவமனைகளுக்கு எழுதி நாலு விஷயம் கேளுங்கள்: ஒரே நேரத்தில் எத்தனை மாணவர்கள் இருப்பார்கள், புறநோயாளிகளை நீங்கள் முதலில் பார்த்து மூத்தவரிடம் சொல்ல விடுவார்களா, ஸ்பைரோமெட்ரி அறையில் உட்கார அனுமதி உண்டா, உங்களுக்குப் பொறுப்பான ஆசிரியர் யார். பெரிய பெயரைவிட இரண்டாவது கேள்வியின் பதிலுக்கு மதிப்புக் கொடுங்கள். பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்றால் கடைசி நாளில் கேட்காதீர்கள். மூன்றாவது வாரத்தில் கேட்டால், ஆசிரியருக்கு உங்களைக் கவனிக்க இன்னும் ஒரு வாரம் கிடைக்கும். பதில்கள் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், எந்த இடம் என்பதை அப்போது பேசி முடிவு செய்யலாம்.