கழிச்சல் இல்லாமலே வெளுத்துப்போகும் ஆடுகள்

கேள்வி: டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் 18 போயர் கலப்பு வெள்ளாடுகள் வளர்க்கிறேன். ஜனவரி மழைக்குப் பிறகு இரண்டு ஆடுகள் செத்துவிட்டன. ஒன்றுக்குத் தாடையின் கீழ் வீக்கம் இருந்தது. கழிச்சல் இல்லை, புழுக்கை கெட்டியாகவே இருந்தது. புழுவாக இருக்காது என்று நினைத்து இரும்புச்சத்து டானிக் மட்டும் கொடுக்கிறேன். போதுமா?

பதில்: போதாது ஐயா. இரத்தம் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்காமல் டானிக் ஊற்றிப் பயனில்லை. நீங்கள் சொல்லும் அடையாளங்கள் பெரும்பாலும் ஹீமாங்கஸ் என்னும் இரத்தம் உறிஞ்சும் புழுவையே காட்டுகின்றன. நான்காம் இரைப்பையில் இருக்கும் இந்தப் புழு பொதுவாகக் கழிச்சலை உண்டாக்காது. பலர் ஏமாறுவது இங்கேதான். 5,000 புழுக்கள் சேர்ந்தால் நாளொன்றுக்குக் கால் லிட்டர் இரத்தம் வரை போய்விடும். இரத்தத்தில் புரதம் குறைவதால்தான் தாடையில் நீர் கோக்கிறது.

நாளைக் காலை நல்ல வெளிச்சத்தில் ஒவ்வோர் ஆட்டின் கண்ணையும் பாருங்கள். மேல் இமையால் கண்ணை மூடி, விரலால் மெல்ல அழுத்தியபடியே கீழ் இமையை இழுங்கள். உட்சவ்வு வெளியே பிதுங்கும். இமையின் ஓரத்தைப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் சதையின் நிறத்தைப் பாருங்கள். நெடுநேரம் திறந்து வைத்திருந்தால் சவ்வு சிவந்து, நோயே இல்லாததுபோலக் காட்டும். இரண்டு கண்ணுக்கும் வேறுபாடு இருந்தால் வெளிறியதையே கணக்கில் எடுங்கள். இந்த முறைக்கு ஃபமாச்சா என்று பெயர். மாலன் என்ற கால்நடை மருத்துவரின் பெயரை ஒட்டி, தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தது இது. கண்ணின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க இதற்கென ஓர் அட்டை இருக்கிறது, அதில் ஐந்து நிறங்கள் உண்டு. முதல் நிறம் என்றால் இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 28 சதவீதம் அல்லது அதற்கு மேல். ஐந்தாவது என்றால் 12 சதவீதம் அல்லது அதற்கும் கீழ். அட்டையையும் பயிற்சியையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள்.

நிறம் 4, 5 உள்ளவற்றுக்கு உடனே மருந்து தேவை. மூன்றாவது நிறத்தில் குட்டிகள், சினை ஆடுகள், பால் கொடுக்கும் ஆடுகள் இருந்தால் அவற்றுக்கும் கொடுங்கள். பட்டி முழுவதற்கும் ஊற்றாதீர்கள். எல்லாவற்றுக்கும் கொடுத்தால் மருந்துக்குச் சாகாத புழுக்கள் மட்டுமே மிஞ்சிப் பெருகும். இந்த நாட்டில் அந்தக் கேடு ஏற்கெனவே முற்றியிருக்கிறது. வெள்ளாட்டுக்குச் செம்மறியைவிடக் கூடுதல் அளவு தேவைப்படும் மருந்துகள் உண்டு என்பதால், ஆட்டை எடைபோட்டு மருத்துவரிடம் அளவு கேளுங்கள். ஐந்தாம் நிறத்து ஆட்டைத் துரத்திப் பிடிக்கவே கூடாது, ஓடினாலே செத்துவிடும். நிழலில் கட்டி, லூசர்ன் புல்லும் தண்ணீரும் வாயருகில் வையுங்கள்.

கண் வெளுத்ததெல்லாம் இந்தப் புழுவால்தான் என்று முடிவு கட்டவும் வேண்டாம். கண் மஞ்சளாக இருந்தால் உண்ணி பரப்பும் அனபிளாஸ்மா நோயைச் சந்தேகியுங்கள். சதுப்பில் மேய்ந்திருந்தால் ஈரல் தட்டைப்புழுவை. புழுக்கையையும் இரத்தத்தையும் பரிசோதனைக்கு அனுப்புங்கள். மருந்து கொடுக்கும் முன் புழுக்கையில் புழு முட்டைகளின் எண்ணிக்கை பார்த்து, கொடுத்த பின் 10 முதல் 14 நாளில் மறுபடியும் பாருங்கள். 95 சதவீதமாவது குறையாவிட்டால் அந்த மருந்து உங்கள் பட்டியில் சரியாக வேலை செய்யவில்லை.

மழைக்காலம் முடியும்வரை வாரம் ஒருமுறை கண் பாருங்கள். ஆடிக்கூழ் வேண்டுதலுக்குக் கிடாய் விற்பதாக இருந்தால், இறைச்சிக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று மருந்துப் புட்டியில் படித்துவிட்டுத் தேதி குறியுங்கள்.