நஞ்சையை விற்காதீர்கள், அண்ணாச்சி

போன ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலிப் பக்கம் வீரவநல்லூரிலிருந்து ஓர் அண்ணாச்சி, மகளின் மேற்படிப்பு விஷயமாக அவளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்திருந்தார். சென்னையில் ஒரு தனியார் கல்லூரி, கம்ப்யூட்டர் சயின்ஸ், மேனேஜ்மென்ட் கோட்டா. பணத்துக்கு நஞ்சையை விலை பேசியாகிவிட்டதாம். "பெங்களூர்ல இருக்க தம்பி சொல்லுதான் சார், இதை விட்டா பிள்ளை வாழ்க்கையே போயிரும்."

எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் ஆரம்பித்தேன். அப்புறம் பிள்ளை பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கரை எங்கே உடைந்தது, எங்கே நாணல் வேர் மண்ணை விடாமல் பிடித்தது, எந்த மடையை ஆகாயத்தாமரை அடைத்தது என்று பக்கம் பக்கமாகப் படம். கோடிங் பிடிக்குமா என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

அண்ணாச்சி, படிக்கப்போவது உங்கள் தம்பி இல்லை. கடன் கட்டப்போவதும் அவர் இல்லை.

இவள் வரைவதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது: லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர், நிலம், நீர், செடி மூன்றையும் சேர்த்து ஓர் இடத்தை வடிவமைக்கிற படிப்பு. புல்தரையும் குரோட்டன்ஸும் வைக்கிற வேலை என்று நினைத்துவிட வேண்டாம். சிங்கப்பூரில் பீஷான் பூங்கா ஓரம் கல்லாங் ஆறு 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் வாய்க்காலாகக் கிடந்தது. அதை உடைத்து, வளைந்தோடும் 3.2 கிலோமீட்டர் ஆறாக்கி 2012-இல் திறந்தார்கள். கரையைப் பிடிப்பது செடி வேரும் கல்லும். மழை கொட்டினால் பூங்காவே வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும். எந்தச் செடி, எந்தச் சரிவு தாங்கும் என்று முதலில் ஒரு சிறு துண்டில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்கள். நம் குளங்கள் மறுகால் பாயும் இடங்களுக்கும், திருநெல்வேலி நயினார்குளத்துக் கரைக்கும் இப்படி யோசிக்கிற ஆள் வேண்டும். கரை என்றாலே கான்கிரீட் சுவர் என்று பழகிவிட்டோம்.

வழி இதுதான். முதலில் ஐந்து வருடம் பி.ஆர்க்., அதாவது கட்டடக்கலைப் பட்டம். பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் வேண்டும், இவளிடம் இருக்கிறது. நாட்டா என்கிற கட்டடக்கலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தமிழ்நாட்டுத் தரவரிசையில் அதற்குப் பாதி, பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குப் பாதி. அப்புறம் லேண்ட்ஸ்கேப்பில் இரண்டு வருட முதுகலை: அண்ணா பல்கலைக்கழகம், டெல்லியில் எஸ்.பி.ஏ. என்கிற கட்டடக்கலைப் பள்ளி, அகமதாபாத்தில் செப்ட் பல்கலைக்கழகம்.

ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுகிறேன். பி.ஆர்க்கிலும் மேனேஜ்மென்ட் சீட் வாங்கக் கூடாது. கவுன்சலிங்கில் கட்டுப்படியாகிற இடம் கிடைத்தால் சேருங்கள். இல்லையென்றால் பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. தாவரவியல், அதன்பின் ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக மையத்தில் எம்.எஸ்சி. சுற்றுச்சூழல். அதில் ஆர்க்கிடெக்ட் பட்டம் வராது. ஆனால் எந்தக் கரையில் எது வேர்விடும் என்று சொல்லத் தெரிந்தவள் ஆவாள். வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம்.

முதல் சில வருடச் சம்பளம் சாஃப்ட்வேர்க்காரர் சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட வராது. தம்பி அதைத்தான் சொல்லிக் காட்டுவார், காட்டட்டும். கடன் இல்லாத வீட்டுக்கு அந்தச் சம்பளம் போதும்.

விலை பேசியவரிடம் நாளைக்கே இல்லையென்று சொல்லிவிடுங்கள். அந்த நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே தேதியும் இடமும் எழுதிவைக்கச் சொல்லுங்கள். பிற்பாடு நேர்முகத்தில் கேட்டால் காட்டலாம்.