கீபோர்டு படிக்க ஆப் போதுமா, மாஸ்டர் வேணுமா? கேள்வி பதில்

பியானோ, கீபோர்டு பற்றி நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து ஆட்கள் கேட்டவற்றில் ஒரே மாதிரியானதைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஆப் என்று சொல்வது சிம்ப்ளி பியானோ, ஃப்ளோகீ, சிந்தீசியா போன்றவற்றை. போனில் ஓடினாலும் கம்ப்யூட்டரில் ஓடினாலும் விஷயம் ஒன்றுதான்.

கேள்வி (கருங்கல்): மாஸ்டரே, ஆறு மாசமா ஆப் பார்த்து வாசிக்கேன். எல்லாப் பாடத்துலயும் முழு மார்க் வருது. ஆனா கொஞ்சம் வேகம் கூட்டினா கை சிக்கிக்கிடுது. ஏன்?

பதில்: ஆப்புக்கு உங்கள் கை தெரியாது. கேபிள் வழியாக அதற்குப் போவது மிடி செய்தி. எந்தக் கீ, எப்போது அழுத்தினீர்கள், எவ்வளவு வேகமாக இறங்கியது, எப்போது விட்டீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். நடு சி-க்கு 60 என்று ஒரு எண், இறங்கிய வேகத்துக்கு 1 முதல் 127 வரை ஒரு எண். பெருவிரலா சுண்டுவிரலா என்று சொல்ல அதில் இடமே கிடையாது. ஒரே விரலால் கொத்திக் கொத்தி வாசித்தாலும் நேரம் தப்பாமல் இருந்தால் ஆப் முழு மார்க் போட்டுவிடும்.

இப்போதே சோதித்துப் பாருங்கள். வலது கையில் சி மேஜர் ஸ்கேல். கீ எட்டு, விரல் ஐந்து. பெருவிரலை 1 என்று எண்ணினால் வரிசை 1-2-3, 1-2-3-4-5. மூன்றாம் விரல் இ-யில் இருக்கும்போதே பெருவிரல் அதன் அடியில் நுழைந்து எஃப்-ஐப் பிடிக்க வேண்டும். உங்கள் கை ஜி வரை 1-2-3-4-5 என்று போய், அங்கிருந்து மொத்தமாகத் தாவுகிறதா? சிக்கல் அதுதான். மெதுவாக வாசிக்கையில் தாவ நேரம் கிடைக்கும், குறை வெளியே தெரியாது. வேகம் கூடினால் நேரம் கிடைக்காது.

எஃப் மேஜரில் இன்னொரு கோளாறு. அங்கே வலது கைக்கு 1-2-3-4, 1-2-3-4. பி ஃப்ளாட் கறுப்புக் கீ, அதில் நாலாம் விரல் விழ வேண்டும். சி மேஜர் பழக்கத்தில் 1-2-3-1 என்று போனால் பெருவிரல் கறுப்புக் கீயில் ஏறி, மணிக்கட்டு கோணிக்கொள்ளும்.

திருத்துவதற்கு மெட்ரோனோமை (தாளத்தட்டு ஒலிக்கும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு கீ. தொடர்ந்து மூன்று முறை சரியாக வந்தால் 4 கூட்டுங்கள், தப்பினால் 8 குறையுங்கள். பைய வாசிப்பதற்கு வெட்கப்பட வேண்டாம். இதை ஒரு மாஸ்டர் பக்கத்தில் இருந்து பார்த்திருந்தால் முதல் வாரமே சொல்லியிருப்பார். அதனால்தான் தொடக்க மூன்று மாதமாவது நேரில் ஒருவரிடம் போகச் சொல்கிறேன். ஸ்வரமும் தாளமும் ஆப் திருத்தட்டும், கையை மனுஷன்தான் திருத்த வேண்டும்.

கேள்வி (தக்கலை): எனக்கு மாஸ்டர் இருக்கார், வாரம் ஒரு கிளாஸ். அதுக்கு மேல ஆப் எதுக்கு?

பதில்: மீதி ஆறு நாளுக்கு. தப்பை வாரம் முழுவதும் பழகிவிட்டுப் போய் நின்றால் மாஸ்டரின் நேரம் அதை உருவி எடுப்பதிலேயே கழியும்.

கேள்வி (மார்த்தாண்டம்): ஆப்புல நாம சரியான கீயைத் தொடும்வரை பாட்டு நின்னு காத்திருக்கு. அப்படி வாசிச்சாத்தான் எளுப்பமா இருக்கு. அதிலேயே தொடரலாமா?

பதில்: முதல் இரண்டு நாள் மட்டும். காத்திருக்கும் முறை கீயைத் தேடிப் பிடிக்க நல்லது. ஆனால் அதில் தாளமே கிடையாது. நீங்கள் தேடுகிற நேரமெல்லாம் பாட்டோடு ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு கடினமான இடத்திலும் ஒரு நொண்டல் நிரந்தரமாகத் தங்கிவிடும். மூன்றாம் நாள் அந்த முறையை அணைத்துவிட்டு, அசல் வேகத்தில் பாதிக்கு இறக்கி, நிற்காமல் வாசியுங்கள். ஒரு கீ தவறினால் விட்டுவிட்டு அடுத்த தட்டில் சேர்ந்துகொள்ளுங்கள். பிறருக்கு வாசிக்கப் போகிறவருக்கு முதலில் வேண்டியது இந்தச் சேர்ந்துகொள்ளும் பழக்கம்.

ஒரு நேரத்தில் நாலு பார் (தாளக் கட்டம்) போதும். வலது கை தனி, இடது கை தனி, பிறகு சேர்த்து. முழுப் பாட்டையும் தலையிலிருந்து வால்வரை தினம் பத்து முறை ஓட்டினால், தொடக்கம் பளபளக்கும், நடுப்பகுதி அப்படியே கிடக்கும்.

கேள்வி (குளச்சல்): போனில் மைக் வழியா ஆப் கேட்குது. சரியா வாசிச்சும் தப்புன்னு சிவப்பு காட்டுது.

பதில்: மூன்று காரணம் இருக்கலாம். முதலில் டிரான்ஸ்போஸ் (கீபோர்டின் சுருதியை மாற்றும் பட்டன்) பாருங்கள். கோயிலில் பாட்டுக்குத் தக்கபடி +2, -3 என்று வைத்துவிட்டு அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தால், நீங்கள் சி அழுத்த வேறொன்று ஒலிக்கும். பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். சிவப்பு காட்டப் பல நேரம் இதுவே காரணமாக இருக்கும்.

இரண்டாவது, மைக் தாழ்ந்த ஸ்வரங்களிலும் மூன்று நாலு கீ சேர்ந்த கார்டிலும் தடுமாறும். சஸ்டெயின் பெடல் (ஒலியை நீட்டும் மிதி) மிதித்தால் பழைய ஒலியும் புதியதும் கலந்துவிடும். மூன்றாவது, ஜூன் ஜூலையில் ஷீட் கூரையில் மழை அடிக்கும்போது மைக்கிடம் நீதி எதிர்பார்க்க முடியாது.

கேபிள் போட்டால் பின்னிரண்டும் தீரும். கீபோர்டின் பின்னால் ஹோஸ்ட் என்று எழுதிய யூஎஸ்பி துளை இருக்கும். பெரும்பாலும் சதுரமாக, பிரிண்டர் கேபிள் ஏறும் அளவில். புது மாடல் சிலவற்றில் போன் சார்ஜர் மாதிரிச் சின்னத் துளை. பிரிண்டர் கேபிளோடு ஒரு ஓடிஜி அடாப்டர் (யூஎஸ்பி கேபிளைப் போனோடு இணைக்கும் சின்ன இணைப்பி) சேர்த்தால் போனில் செருகலாம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் இரண்டு மென்பொருளை ஒன்றாகத் திறந்து வைக்காதீர்கள். முதலில் திறந்தது மிடியைப் பிடித்துக்கொண்டால் அடுத்ததற்குக் கீபோர்டு இருப்பதே தெரியாமல் போகலாம். ஒரே கீ இரண்டு முறை ஒலிப்பதாகத் தோன்றினால் கீபோர்டும் ஆப்பும் சேர்ந்து ஒலிக்கின்றன. ஆப்பின் ஒலியை அணையுங்கள்.

புளூடூத் ஹெட்போன் மட்டும் வேண்டாம். 100 வேகத்தில் ஒரு தட்டு 600 மில்லி வினாடி. புளூடூத் 200 தின்றால் தட்டில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. ஒயர் ஹெட்போனைக் கீபோர்டிலேயே செருகுங்கள்.

கேள்வி (நாகர்கோவில், வடசேரி): டைனிங் டேபிள்ல கீபோர்டு வச்சு, பிளாஸ்டிக் சேர்ல இருந்து வாசிக்கேன். அரை மணிக்கூர்ல மணிக்கட்டு வலிக்குது சார்.

பதில்: வலிக்கத்தான் செய்யும். மேசை சுமார் 75 சென்டிமீட்டர், அதன்மேல் கீபோர்டு 10 சென்டிமீட்டருக்கும் மேல். கீயின் மேற்பரப்பு 85-க்குப் போய்விடுகிறது. சேர் 45-க்குள். அப்படியானால் முழங்கை கீயைவிடக் கீழே தொங்கும், மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும், அந்த மடிப்பிலேயே விரல் அசையும்.

அளக்கும் விதம்: நேராக உட்கார்ந்து மேல்கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை உயரத்தை டேப்பால் எடுங்கள். கீயின் மேற்பரப்பு அதே உயரம், அல்லது இரண்டு மூன்று சென்டிமீட்டர் தாழ இருக்க வேண்டும். உயரம் மாற்றும் ஸ்டாண்டு வாங்குவதே நல்ல வழி. முடியாவிட்டால் இருக்கையை உயர்த்துங்கள், ஆனால் கால் தரையில் படவேண்டும். படாவிட்டால் ஒரு பலகை. சேரில் முழுக்கச் சாயாமல் முன்பாதியில் உட்காருங்கள். மரத்துப் போனாலோ, வாசிக்காத நேரத்திலும் வலி இருந்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி (குலசேகரம்): மகளுக்கு 6 வயசு. ஆப்ல விளையாட்டு மாதிரி இருக்குன்னு ஆசையா வாசிக்கா. அது போதாதா?

பதில்: ஆசை இருப்பது பெரிய விஷயம், கெடுக்க வேண்டாம். ஆனால் புள்ளி சேர்க்கும் அவசரத்தில் பிள்ளைகள் திரையையே பார்த்து, விரலைப் பலகைபோல் நீட்டி, பெருவிரலைக் கீபோர்டுக்கு வெளியே தொங்கவிட்டு அடிப்பார்கள். இந்த வயதில் ஊறும் கைப்பழக்கம் பிறகு சுலபமாகப் போகாது. நேரில் ஒரு ஆசிரியர், வாரம் அரை மணி. ஆப் அவர் கொடுத்த பாடத்துக்குப் பின்னால் பத்து நிமிடம், நீங்கள் பக்கத்தில் இருந்து. விரல் வளைந்திருக்கிறதா, தோள் தூக்கியிருக்கிறதா என்ற இரண்டை மட்டும் பாருங்கள். கீயில் ஒட்டிய எழுத்து ஸ்டிக்கரை ஒரு மாதத்தில் உரித்துவிடுங்கள்.

கேள்வி (நெய்யூர்): 62 வயசு. கொயரில் டோனிக் சோல்ஃபா பார்த்துப் பாடிப் பழக்கம், ஸ்டாஃப் நொட்டேஷன் தெரியாது. இனி ஆப்பில் சேர்ந்தால் ஏறுமா?

பதில்: ஏறும், உங்களிடம் முதல் கைவசம் இருக்கிறது. ஜான் கர்வன் 19ஆம் நூற்றாண்டில் பரப்பிய அந்த முறையில் எந்தச் சுருதியானாலும் ஆதார ஸ்வரம் ‘டோ’தான். ஆகவே சுருதி மாற்றிக் கேட்கும் காது உங்களுக்கு ஏற்கெனவே உண்டு. ஆப்பின் அமைப்பில் ஸ்வரப் பெயரை சி, டி, இ என்று வையுங்கள். டோ, ரே, மி என்று வைத்தால் அங்கே டோ எப்போதும் சி-யையே குறிக்கும், உங்கள் டோ நகரும், இரண்டும் மோதும்.

ஸ்டாஃப் என்பது ஐந்து கோட்டில் ஸ்வரம் எழுதும் முறை, பியானோவுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. அதில் மூன்று அடையாளம் மட்டும் முதலில்: இரண்டு ஸ்டாஃபுக்கும் நடுவே நிற்கும் நடு சி, மேல் ஸ்டாஃபில் கீழிருந்து இரண்டாம் கோடு ஜி, கீழ் ஸ்டாஃபில் நாலாம் கோடு எஃப். மற்றதெல்லாம் இவற்றிலிருந்து ஏறி இறங்கி எண்ணுவது. தெரிந்த பாமாலைப் பாட்டு ஒன்றின் சோல்ஃபாவை மியூஸ்ஸ்கோரில் நீங்களே ஸ்டாஃபாக ஏற்றுங்கள். அது இலவச மென்பொருள், ஒலித்தும் காட்டும். எந்த ஆப்பையும்விட உங்களுக்கு இது வேகமாகக் கற்றுத்தரும் என்பது என் எண்ணம். மேலிருந்து திரையில் விழும் வண்ணக் கட்டங்களைப் பார்த்து வாசிப்பதை மட்டும் பழக வேண்டாம். அதில் ஒரு பாட்டு மனப்பாடம் ஆகும், வாசிப்பு வராது.

கேள்வி (இரணியல்): அண்ணே, சபையில் பாட்டுக்கு வாசிக்கணும். டிரான்ஸ்போஸ் பட்டனை வச்சு சி-யிலயே ஓட்டிரலாம்லா?

பதில்: ஓட்டலாம் தம்பி, கரண்ட் போய் வேறு கீபோர்டில் உட்கார்த்தும் வரை. பாடகர் நாலு கட்டை என்றால் எஃப், இரண்டு என்றால் டி, ஐந்து என்றால் ஜி. சி, எஃப், ஜி, டி நாலிலும் மூன்று மூன்று கார்டு பழகிவிட்டாலே பெரும்பாலான பாட்டு ஓடும். டி-க்கு டி, ஜி, ஏ. எஃப்-க்கு எஃப், பி ஃப்ளாட், சி.

ஆப் இங்கே கைகொடுக்காது. அது இழுக்காது, மூச்சு விடாது. சபை இரண்டும் செய்யும். ஒவ்வொரு அடி முடிவிலும் கையைத் தூக்கி, மூச்சுக்கு இடம் விட்டு, அடுத்த அடியைத் தாளத்திலேயே தொடங்க வேண்டும். முன்னிசையாகக் கடைசி அடியை அதே வேகத்தில் வாசித்தால் சபைக்கு வேகமும் சுருதியும் கிடைத்துவிடும். சபை இழுத்தால் கூடவே இழுக்காதீர்கள், சத்தத்தையும் கூட்டாதீர்கள். இடது கை பேஸைக் கொஞ்சம் வெட்டி வாசித்தால் தாளம் வெளியே வரும். ஏற்கெனவே வாசிக்கிறவர் பக்கத்தில் நாலு ஞாயிறு உட்கார்ந்து கையைப் பாருங்கள்.

கேள்வி (தேங்காப்பட்டணம்): பக்கத்தில் மாஸ்டர் இல்லை. ஆன்லைன் கிளாஸ் சரிவருமா?

பதில்: கேமராவைச் சரியாக வைத்தால் வரும். முகம் தெரிய வேண்டாம். போனை வலப்பக்கம், கீயைவிட ஒரு முழம் மேலே, மணிக்கட்டும் பத்து விரலும் தெரியும்படி சரித்து வையுங்கள். ஜூமில் ஒரிஜினல் சவுண்ட் என்பதை ஆன் செய்யாவிட்டால் நீண்ட ஸ்வரத்தைச் சத்தம் என்று நினைத்து வெட்டிவிடும். சேர்ந்து வாசிக்க முயலாதீர்கள், தாமதம் விடாது. நேரலையைவிட இரண்டு நிமிட வீடியோ எடுத்து அனுப்பித் திருத்தம் வாங்குவது பல நேரம் பயன் தரும். மாதம் ஒருமுறையாவது நேரில் போய்வாருங்கள்.

கேள்வி (முட்டம்): மூணு வருசக் கீபோர்டு. ரெண்டு கீ மட்டும் எப்படித் தொட்டாலும் அலறுது. ஆப்பும் அதைத்தான் குறை சொல்லுது.

பதில்: கடல்காற்றின் வேலையாக இருக்கலாம். ஒவ்வொரு கீயின் கீழும் ரப்பர் பட்டையில் இரண்டு கார்பன் தொடுபுள்ளி இருக்கும். முதலாவது தொட்டு இரண்டாவது தொட எடுக்கும் நேரத்தை வைத்துத்தான் மென்மையா பலமா என்று கணக்கு. ஒன்றில் ஈரமோ அழுக்கோ படிந்தால் கணக்கு தப்பி முழுச் சத்தம் வரும், அல்லது ஒலிக்கவே ஒலிக்காது.

வாரண்டி இருந்தால் திறக்காதீர்கள். முடிந்திருந்தால் அடாப்டரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுத்தபடி திறந்து, ரப்பர் பட்டையைத் தூக்கி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட காது பஞ்சுக்குச்சியால் போர்டையும் கார்பனையும் லேசாகத் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பின் மூடுங்கள். உப்புத்தாள் கூடாது, எண்ணெய் கலந்த ஸ்பிரே கூடாது. வாசிக்காத நேரம் துணி போட்டு மூடுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும்.

இதே காரணத்தால் கடற்கரை ஊர்களில் பழைய மரப் பியானோ மலிவாகக் கிடைக்கிறது என்று பாய வேண்டாம். கம்பி துரு, ஈரத்தில் உப்பிச் சிக்கும் கீ, கரையான், சுருதி நிற்காத தளர்ந்த முளை, நாலையும் பார்த்த பிறகு விலை பேசுங்கள். வருடம் இரண்டு முறையாவது சுருதி சேர்க்கும் செலவும் உண்டு.

கேள்வி (குழித்துறை): டிரினிட்டி கிரேடு எழுதணும். 61 கீ கீபோர்டு போதுமா?

பதில்: லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இந்த இசைத் தேர்வில் எந்தப் பாடத்திட்டம் என்று முதலில் முடிவுசெய்யுங்கள். பியானோ வேறு, எலக்ட்ரானிக் கீபோர்டு வேறு. கீபோர்டு தேர்வுக்குத் தொடு உணர்வுள்ள (அழுத்தும் வேகத்துக்குத் தக்கபடி சத்தம் மாறும்) 61 போதும். பியானோவுக்கு எடை உள்ள 88 கீ வேண்டும். லேசான கீயில் பழகிய விரல் எடைக் கீயில் மெல்லிய ஒலியை எடுக்கத் திணறும். ஆப்பை மட்டும் நம்பித் தேர்வுக்குப் போகாதீர்கள். தொடுகை, சத்த ஏற்ற இறக்கம், பாட்டின் போக்கு எல்லாவற்றுக்கும் அங்கே மார்க் உண்டு.

கேள்வி (திங்கள்சந்தை): புது சஸ்டெயின் பெடல் தலைகீழா வேலை செய்யுது. மிதிச்சா நிக்குது, விட்டா இழுக்குது.

பதில்: பெடல் கெடவில்லை. கீபோர்டை ஆஃப் செய்து, காலை எடுத்துவிட்டு, பெடலைச் செருகிய பிறகு ஆன் செய்யுங்கள். பல கீபோர்டுகள் ஆன் ஆகும் நொடியில் பெடல் இருக்கும் நிலையை ‘மிதிக்காத நிலை’ என்று எடுத்துக்கொள்ளும். அதிலும் சரியாகவில்லை என்றால், சில பெடல்களின் அடியில் சின்ன சுவிட்ச் இருக்கும், இருந்தால் மாற்றிப் போடுங்கள்.