அடையாற்றங்கரை அடுக்குமாடியில், 14ஆவது மாடியில் வீடு வாங்கலாமா?

அத்தனை உயரத்துக்கு வெள்ளம் வராது என்று நீங்களே பதிலையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். முன்பணம் கொடுத்த பிறகுதான் இப்படிக் கேட்கத் தோன்றும் என்பது என் ஊகம். நானும் அப்படித்தான் கேட்டேன்.

மணப்பாக்கம் பகுதியில் ஒன்பதாம் மாடியில் குடியிருந்தோம். 2015 டிசம்பர் 1 இரவு ஆறு வளாகத்துக்குள் நுழைந்தபோது எங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரும் வரவில்லை. ஆனால் ஜெனரேட்டர், மோட்டார்கள், குடிநீர்ச் சம்ப் ஆகிய அனைத்தும் கார் நிறுத்தும் கீழ்த்தளத்தில் இருந்தன. மின்சாரத்தோடு லிஃப்டும் நின்றது. மறுநாளே மேல்தொட்டி வற்றியது. சம்பில் சாக்கடை கலந்துவிட்டதால் மோட்டாரைப் பழுதுபார்த்த பின்னரும் குழாயைத் திறக்க முடியவில்லை. முழங்கால் வலிக்காரரான என் அம்மாவை மூன்றாம் நாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்த்தி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரும் நானுமாக 180 படிகள் இறக்கினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலியின் கால் சுவரில் இடித்தது. அம்மா கண்ணைத் திறக்கவே இல்லை.

செம்பரம்பாக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்ததுதான் காரணம், கட்டடத்தை ஏன் குறை சொல்கிறாய் என்று யாரேனும் பின்னூட்டத்தில் வருவார்கள். ஏரி திறப்பை நான் மறுக்கவில்லை; ஆனால் அடையாற்றில் அன்று ஓடியது அந்த ஒரு ஏரியின் நீர் மட்டுமன்று, ஆதனூர், முடிச்சூர் பக்கத்து நீரும் சேர்ந்தே வந்தது. எங்களுக்கு விற்றவர்கள் மனையை மண் கொட்டி உயர்த்தியிருப்பதாகப் பெருமையாகச் சொல்லியிருந்தார்கள். அந்த மண் அடைத்துக்கொண்ட இடத்தில் நிற்க வேண்டிய தண்ணீர் பின்தெருவின் ஓட்டு வீடுகளுக்குள் போய் நின்றதை மாடியிலிருந்து பார்த்தோம். அதைப் பற்றி எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இன்றுவரை ஒருவரும் வாய் திறந்ததில்லை.

தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள் 18.3 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு அடிப்படைத் தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற கணக்கை, 3.25 வரை அனுமதிக்கின்றன. அதற்குக் குறைந்த உயரத்துக்கு அது 2 மட்டுமே. ஆகவே, உயர உயர, அதே கீழ்த்தளத்தை நம்பியிருக்கும் குடும்பங்களும் கூடுகின்றன.

நான் பொறியாளன் அல்லன். வாங்காதீர்கள் என்றும் சொல்லவில்லை. ஜெனரேட்டரும் மின்பலகையும் 2015இன் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கின்றனவா, சம்பின் வாய் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். விற்பவர்கள் பார்வைக்கு வைத்திருக்கும் வீட்டின் பால்கனிக்கு அழைத்துப்போய் ஆற்றைக் காட்டினால், பார்த்துவிட்டு லிஃப்டில் ஏறாமல் படி வழியாகக் கீழ்த்தளம் வரைக்கும் இறங்கிப் பாருங்கள்.